துணைக் கேள்வி

லட்சுமிபதி நகரின் வாசலில், காவலாளி உட்காரும் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. மேலே நீலத்தில் ‘நமது எம்.பி. என்ன செய்தார்?’ என்று எழுதியிருக்கும். கீழே நான்கு கட்டங்கள்: வருகை, கேள்வி, விவாதம், வாக்கு. நாடாளுமன்றம் கூடியிருக்கும் நாட்களில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் சத்யநாராயணன் மாலை நடையை முடித்துக்கொண்டு வந்து அதில் எழுதுவார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பால் பாக்கெட் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பலகையைப் பார்ப்பதே இல்லை. மீதிப் பேர் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள்.

சிரிக்காமல் படித்தவள் ஜான்சி. அவள் அந்த நகரில் குடியிருப்பவள் இல்லை. பழைய முடிச்சூரில், ஓடைப் பக்கத்து வீட்டில் இருந்தாள். தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் ஜாக்கெட் துணிப் பிரிவில் வேலை. அவளுடைய கணவன் டேனியல்தான் லட்சுமிபதி நகருக்கு எலக்ட்ரீஷியன். பெருவெள்ளம் வடிந்த பிறகு சேறு அப்பிய மீட்டர் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, துடைத்து, காயவைத்து, அத்தனை வீட்டுக்கும் மறுபடி விளக்கு எரியவைத்தவன். போன வருடம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு வேலையை முடித்துவிட்டு, பழைய கேட் வழியாக வீட்டுக்கு வரும்போது ரயிலில் அடிபட்டு இறந்தான்.

பழைய கேட் என்பது இப்போது பெயர்தான். ரயில்வே கேட்டை எடுத்துவிட்டுச் சுவர் வைத்தார்கள். சுரங்கப்பாதை வரும் என்று பள்ளம் தோண்டினார்கள். பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்று கோரைப்புல் முளைத்தது. சுவரில் யாரோ ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டார்கள். அந்தப் பக்கத்து ஜனம் முழுவதும் அந்த ஓட்டை வழியாகத்தான் போய்வந்தது.

ஜான்சி ஒருமுறைகூட டேனியலைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. “இன்னாங்க” என்பாள். அது போதாத தூரத்தில் அவன் இருந்தால் கையைத் தட்டுவாள். அவளுடைய அம்மாவும் அப்படித்தான் இருந்தாள். அவள் போகும் கிறிஸ்தவ சபையில் இருந்த மற்றப் பெண்களும் அப்படித்தான். டேனியல் கேலி செய்வான். “என் பேரு இன்னான்னு உனக்குத் தெரியுமா, இல்லையா? மறந்துட்டா ரேஷன் கார்டுல கீது, பாத்துக்கோ.” அவள் வெட்கத்துடன் தட்டை நகர்த்திவைப்பாள். அரசு மருத்துவமனையில் போலீஸ்காரர் “பேரு சொல்லும்மா” என்று கேட்டபோது வாயைத் திறந்தாள். வரவில்லை. பக்கத்தில் நின்ற ஏசுபாதம், டேனியலின் அண்ணன், சொன்னார். பெயரை எழுதிக்கொண்ட போலீஸ்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார், உண்மையிலேயே மனைவிதானா என்பதுபோல.

அந்தப் பார்வை அவளுக்குள் தங்கிவிட்டது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஏசுபாதம் போய்விட்டால் அந்தப் பெயரைச் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். நான் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து யாராவது பெரிய இடத்தில் ஒரே ஒரு தடவை உரக்கச் சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தாள். இந்த ஆசையை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் சுரங்கப்பாதை வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். ஆனால் ராத்திரி கண்ணை மூடினால் அவளுக்குத் தெரிந்தது சுரங்கப்பாதை இல்லை.

ஒருநாள் பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தபோது சத்யநாராயணன் வந்தார்.

“சார், இந்த வாக்கு கட்டம் மட்டும் ஏன் எப்பவும் காலியாவே கீது?”

“அதுவாம்மா? பாதி மசோதா குரல் ஓட்டுலயே போயிடும். ஆமாங்கறவா ஒரு தடவை கத்துவா, இல்லைங்கறவா ஒரு தடவை கத்துவா. யார் எதைக் கத்தினான்னு எழுதி வைக்கமாட்டா.”

“அப்போ நம்மாளு இன்னா சொன்னாருன்னு யாருக்குமே தெரியாதா?”

“அவருக்கே தெரியுமோ என்னவோ” என்றார் அவர். ஜான்சி சிரித்தாள். டேனியல் போன பிறகு வெளி ஆள் முன்னால் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்த உடனே அழுகை வந்தது. அவர் பலகைத் துணியை மடித்துக்கொண்டே வேறு பக்கம் பார்த்தார். பிறகு, “பழைய கேட் விஷயத்தைக் கேள்வியாப் போடச் சொல்லலாம், வா” என்றார்.

எம்.பி. அருள்நிலவனின் அலுவலகத்தில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவன் பிரசன்னா. சத்யநாராயணன் எழுதிக்கொடுத்த கேள்வியைப் படித்துவிட்டு, “சார், தனி ஆள் பேரைக் கேள்வியில போட்டா அங்க தள்ளிடுவாங்க” என்றான்.

ஜான்சியின் முகம் மாறியதைப் பார்த்து உடனே, “அக்கா, ஒண்ணும் பேஜார் ஆவாதீங்க. நட்சத்திரக் கேள்வியா விழுந்தா மந்திரி எழுந்து நின்னு பதில் சொல்லணும். அது முடிஞ்சதும் நம்ம தலைவர் ஒரு துணைக் கேள்வி வாயால கேக்கலாம். அதுல பேரைச் சொல்லிடலாம். தலைவர் கிட்ட சொல்லிட்டேன்னு வெச்சுக்கோங்க” என்றான்.

அந்தத் துணைக் கேள்வியைச் சத்யநாராயணனே எழுதினார். மூன்று முறை அடித்து எழுதி, கடைசியில் ஒரே வாக்கியமாக்கி அவளிடம் படித்துக்காட்டினார். ‘எலக்ட்ரீஷியன் டேனியல் எந்த வழியாக வீட்டுக்கு வந்திருக்க வேண்டும் என்று அமைச்சர் தெரிவிப்பாரா?’

“சரியா இருக்கா?”

அவள் தலையை ஆட்டினாள். அன்று பஸ்ஸில் திரும்பும்போது அந்த வாக்கியம் ஒரு பாட்டுபோல ஓடிக்கொண்டே இருந்தது. டேனியல் என்ற இடம் வரும்போது மட்டும் மனதுக்குள்கூடச் சற்று நின்று தாண்டினாள்.

வந்த கேள்விகளைக் குலுக்கிப்போட்டுத்தான் எடுப்பார்கள்; இந்தக் கேள்வி விழ இரண்டு கூட்டத்தொடர்கள் ஆயின. விழுந்தபோது அன்றைய பட்டியலில் இரண்டாவதாக விழுந்தது. சத்யநாராயணன் தொலைபேசியில் கத்தினார். “இரண்டாவதும்மா! கண்டிப்பா நேரம் கிடைக்கும். கடையில லீவு சொல்லிட்டு வந்துடு.”

ஏசுபாதம் தன் ஷேர் ஆட்டோவில் அவளை அழைத்துவந்து லட்சுமிபதி நகர் வாசலில் இறக்கிவிட்டார். அவருக்கு இதில் நம்பிக்கை இல்லை. “போ, போய் டிவில உன் எம்.பி.யப் பாரு. நான் நாலு சவாரி பாத்துட்டு வரேன்” என்றார். வண்டியைத் திருப்பும்போது, “அவன் பேரு வந்தா எனக்குப் போன் பண்ணு” என்றார். முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு சொன்னார்.

சத்யநாராயணனின் மனைவி அபிதகுஜாம்பாள் காபி கொண்டுவந்து வைத்தாள். “குடி ஜான்சி. பார்லிமெண்ட் நடக்கறச்சே இந்த ஆத்துல சமையல் லேட்டாத்தான் ஆகும். காய் நறுக்கக்கூட எழுந்து வரமாட்டார்.”

“சும்மா இரு. ஆரம்பிச்சாச்சு.”

ஆரம்பித்த உடனே கூச்சல். திரையில் சபாநாயகரின் முகம்தான் தெரிந்தது. அவருக்கு முன்னால் உறுப்பினர்கள் தூக்கிப் பிடித்த அட்டைகளின் மேல்முனைகள் அசைந்தன. சபாநாயகர் இந்தியில் ஏதோ சொல்லிக்கொண்டே முதல் கேள்வியை நடத்தினார். மந்திரியின் உதடுகள் அசைவது தெரிந்தது. அப்புறம் கேமரா ஒரு கணம் விலகியது. கும்பலுக்கு நடுவில், வெள்ளைச் சட்டையில், வாட்டசாட்டமாக அருள்நிலவன்.

“சார்! நம்ம எம்.பி.!” ஜான்சி எழுந்துவிட்டாள். “முன்னாடி வந்துட்டாரு பாருங்க! நம்ம கேள்விக்குத்தானே?”

முன்னால் வந்து நின்றுதான் பேசுவார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். அவளுடைய ஜெபசபையில் சாட்சி சொல்கிறவர்கள் எழுந்து முன்னால் வந்துதான் சொல்வார்கள். எத்தனை நெரிசலைத் தாண்டி இந்த மனுஷன் எங்களுக்காக வந்து நிற்கிறார் என்று நினைத்தாள். இவரைப் பற்றி ஏசுபாதத்திடம் எவ்வளவு வாதாடியிருக்கிறேன். நான் சொன்னதுதான் சரி.

சத்யநாராயணன் அவளைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உக்காரும்மா” என்றார். “அது போராட்டம். வேற விஷயம். அதுவும் நியாயமான விஷயம்தான். கட்சி சொல்லிடுத்து, எல்லாரும் போய் நிக்கறா.”

“அப்போ நம்ம கேள்வி?”

“அவர் இடத்துக்குப் போனாத்தான் மைக் வேலை செய்யும்.”

சபாநாயகர் ஒரு எண்ணைச் சொன்னார். அதன் பிறகு, “ஸ்ரீ அருள்நிலவன்” என்றார். கூச்சலுக்கு மேலே அந்தப் பெயர் தெளிவாகக் கேட்டது. மறுபடியும் அழைத்தார். கையால் இருக்கையைக் காட்டினார். உங்கள் கேள்வி, போய் உட்காருங்கள், கேளுங்கள் என்று சொல்வது மொழி தெரியாத ஜான்சிக்கும் புரிந்தது.

“போங்க” என்றாள் அவள், டிவியைப் பார்த்து. மெதுவாகத்தான் சொன்னாள். “போங்க சார். ஒரு நிமிஷம்.”

அருள்நிலவன் அட்டையை இன்னும் உயரத் தூக்கினார். பக்கத்தில் இருந்தவர் ஏதோ சொல்ல, அவர் சிரித்ததுபோல இருந்தது. கேமரா மாறிவிட்டது. சபாநாயகர் எழுந்தார், அவை மதியம்வரை ஒத்திவைக்கப்பட்டது. திரையில் காலியான மண்டபத்தின் படம் வந்து, பின்னணியில் வீணை ஒலித்தது.

அபிதகுஜாம்பாள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு, “சூடு பண்ணிக் கொண்டு வரேன்” என்று உள்ளே போனாள்.

மதியம் கேள்வி நேரம் கிடையாது. அவையின் மேசைமேல் எழுத்தில் வைக்கப்பட்ட பதில் மாலையில்தான் கணினியில் வந்தது. சத்யநாராயணன் படித்தார். ஆங்கிலத்தை நிறுத்தி நிறுத்தித் தமிழாக்கினார். பணி ஒப்பந்த நிலையில் உள்ளது. மாற்று வழியாக நடைமேம்பாலம் தொலைவில் உள்ளது. மேற்படி இடத்தில் நேர்ந்த உயிரிழப்புகள்… இங்கே நிறுத்தினார்.

“படிங்க சார்.”

“தண்டவாளப் பகுதிக்குள் அத்துமீறி நுழைந்தவர்களின் கவனக்குறைவால் ஏற்பட்டவை.”

ஜான்சிக்கு அழுகை வரவில்லை. ஜவுளிக்கடையில் பெரிய துணிக் கட்டைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டுக் கையை எடுத்த பிறகும் அந்தப் பாரம் கொஞ்ச நேரம் கையிலேயே இருக்கும். அப்படி இருந்தது.

அப்போது பிரசன்னா அழைத்தான். “அக்கா, பாத்தீங்களா? பதில் வாங்கிட்டோம்! தலைவர் போட்டோவோட பேஜ்ல போட்டுட்டேன். ‘பழைய கேட்டுக்காக நாடாளுமன்றத்தில் குரல்’னு. செம ரெஸ்பான்ஸ்.”

“அவரு கேக்கலியே, பிரசன்னா.”

“அக்கா, அது சபை நடக்கலைன்னா என்ன பண்றது? அடுத்த தடவை கேப்பாரு. ஆமா, உங்க வீட்டுக்காரர் பேரு என்ன சொன்னீங்க? அதையும் கீழ போட்டுடறேன்.”

அவளிடமிருந்து பதில் வராததும், “சரி அக்கா, வாட்ஸ்அப்ல அனுப்புங்க” என்று வைத்துவிட்டான். அந்தப் பெயர் எந்த நாளும் எம்.பி.யிடம் போய்ச் சேர்ந்திருக்கவில்லை என்பது போனைப் பைக்குள் வைக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் இடத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தாலும், மைக் வேலை செய்திருந்தாலும்.

இருட்டுவதற்கு முன் இருவரும் வாசலுக்கு நடந்தார்கள். சத்யநாராயணன் பலகையில் பழைய வரியை அழித்தார். வருகைக்கு நேரே ‘உண்டு’ என்று எழுதினார். கேள்விக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

“என்ன போடறது?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். “இணையத்துல அவர் பேர்ல ஒரு கேள்வின்னு ஏறிடுத்து. ஆனா கேக்கலை.”

“அதையே போடுங்க சார்.”

“எதை?”

“அங்க கீறத. நீங்க பொய் எழுதறதில்லல்ல?”

அவர் ‘ஒன்று’ என்று எழுதினார். எழுதிவிட்டு நெடுநேரம் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். முழு வருகை, நட்சத்திரக் கேள்வி ஒன்று. அந்தப் பலகை தொடங்கிய நாளிலிருந்து அருள்நிலவனுக்கு அவ்வளவு நல்ல வரி விழுந்ததில்லை. உள்ளே போன ஒரு ஸ்கூட்டர்க்காரர், “என்ன சார், நம்மாளு தேறிட்டாரு போல!” என்று சொல்லிவிட்டுப் போனார். ஜான்சி வாய்விட்டுச் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

ஏசுபாதம் வந்தார். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். அவர் பெயர் வந்ததா என்று கேட்கவில்லை. போன் வராததிலேயே தெரிந்திருக்கும். முடிச்சூர் சாலையில் நெரிசல். பழைய கேட்டுக்குப் போகும் தெருமுனையில் வண்டி நின்றுவிட்டது. தெருக்கோடியில் சுவரும் ஓட்டையும் தெரிந்தன. ஓட்டை வழியாக ஒரு பெண் காய்கறிப் பையை முதலில் இந்தப் பக்கம் வைத்துவிட்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து வந்தாள்.

“இன்னாதான் சொன்னாங்க?” என்றார் ஏசுபாதம்.

“அத்துமீறி உள்ள பூந்தவங்களாம்.”

“அப்டீன்னா?”

“வரக்கூடாத எடத்துக்கு வந்தவங்க.”

அவர் ஹாண்டில்பாரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

“அவன் வூட்டுக்குத்தானேம்மா வந்துகினு இருந்தான்” என்றார்.

ஜான்சி ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் துணைக் கேள்வி காலையிலிருந்து அவளுக்குள் தயாராக நின்றிருந்தது. எங்கே நின்று தாண்டுவாளோ அந்த இடம் வந்தது. இந்தத் தடவை அவள் தாண்டவில்லை.

“டேனியல் எந்த வழியா வூட்டுக்கு வரணும்?”

தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. ஏசுபாதம் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அந்தப் பெயரை அவள் வாயால் அவர் கேட்டதே இல்லை. வண்டியை மெதுவாக ஓரம் கட்டினார். இதைத்தான் அந்த எம்.பி. எழுந்து சொல்ல வேண்டியிருந்தது, இவ்வளவு சின்னது என்று ஜான்சிக்குத் தோன்றியது. சொல்லி முடிக்க ஒரு மூச்சுகூட ஆகவில்லை.

காய்கறிப் பையோடு அந்தப் பெண் வண்டிக்குப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். “முடிச்சூர் போவுமாண்ணா?”

“ஏறும்மா” என்றார் ஏசுபாதம்.

ஜான்சி நகர்ந்து இடம் விட்டாள்.