குப்பியில் கிடந்த வண்டுகள்

ரொட்டிக்கடையில் மாவு பிசைவதும் சுடுவதும் அண்ணி. சரக்கு வாங்குவதும் வாய் கிழியப் பேசுவதும் கொழுந்தன். மலிவாகக் கிடைத்ததென்று அவன் வாங்கி வந்த மாவில் வண்டு ஊர்ந்தது. மறுவாரம் மருத்துவமனைக்கு, நோயில் கிடக்கும் பிள்ளைகளுக்கு, ரொட்டி அனுப்ப வேண்டும். இந்த மாவில் கை வைக்க மாட்டேன் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள்.

மூச்சு முட்டிச் சாகட்டும் என்று அவன் மாவைப் பீப்பாயில் கொட்டி மூடியை இறுக்கினான். சில நாள் கழித்துத் திறந்தால், எல்லாம் ஜோராக ஊர்ந்துகொண்டிருந்தன. அந்தத் துளி உடம்புக்கு எவ்வளவு காற்று வேண்டும்? விலாவில் இருக்கிற மூச்சுத் துளைகளைப் பொத்திக்கொண்டு அசையாமல் கிடந்தே சமாளித்துவிடும் என்று அவள் சொன்னாள். அண்ணி எல்லாவற்றையும் பெரிதாக்குவார் என்று பால்காரரிடம் சொல்லிச் சிரித்தான். இத்தனை வருஷம் அந்த அடுப்பில் வெந்தவள் அவள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்து, பீப்பாயைக் குளிர் அறையில் ஒரு ராத்திரி வைத்தான். காலையில் சலித்தபோது வண்டுகள் காலைத் தூக்கிக்கொண்டு விறைத்துக் கிடந்தன. அவற்றைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, வருகிறவர்கள் பார்க்கட்டுமென்று அடுப்பை ஒட்டிய மேடையில் வைத்தான். அவை மயங்கித்தான் கிடக்கின்றன, சூடு பட்டால் எழுந்துவிடும், சல்லடைக்குத் தப்பிய முட்டைகள் வேறு மாவில் இருக்கின்றன என்றாள்.

"செத்ததுக்கும் உங்ககிட்ட சர்டிபிகேட் வாங்கணுமா அண்ணி?"

அவள் முன்பு வாங்கியதில் மிச்சமிருந்த நல்ல மாவில் அன்றைய ரொட்டியைச் சுட்டாள். குப்பியில் முதலில் ஒரு கால் உதறியது. பிறகு ஒன்று புரண்டது. ரொட்டி வாங்க வந்த டீச்சர் அதைப் பார்த்ததும் எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டுப் படியிறங்கினார். குப்பிக்குள் எல்லாம் ஊர்ந்தன.

கொழுந்தன் குப்பியைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். "அடுப்ப இவ்வளவு சூடா வெச்சது நீங்கதானே?"

அவளுக்கு உச்சந்தலை வரை கொதித்தது. பீப்பாய் இருந்த அறைக்குப் போனாள். தரை கழுவும் குழாயை மாவுக்குள் செருகித் திறந்துவிட்டாள். அவன் பதறிக்கொண்டு ஓடி வந்தான்.

"வண்டு சாகட்டும்னு ஊத்தல தம்பி. நீங்க இத எந்தப் பிள்ளைக்கும் குடுத்துடக் கூடாதுன்னு ஊத்தறேன்."