புதரில் ஆடு இல்லை

மாதவராஜ் மாதிரி ஓர் ஆபிரகாம் அரூர் வட்டாரத்தில் எந்தச் சபைக்கும் வாய்த்ததில்லை. அரூர் – திருவண்ணாமலை பஸ்ஸில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்து, கூட்டத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல். மைக் நின்றுபோனாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். விளைச்சலைக் கோயிலில் படைக்கிற ஒவ்வொரு அறுப்பின் பண்டிகை நாடகத்திலும் பஞ்சுத் தாடியை ஒட்டிக்கொண்டு, கடவுள் கேட்டார் என்று மகன் ஈசாக்கைப் பலியிட மோரியா மலை ஏறிவிடுவார். மலை என்றால் நாலு பெஞ்சும் அதன்மேல் போர்த்திய தார்ப்பாயும்தான்.

இந்த வருஷம் மட்டும் மனுஷன் தாடியைக் கையில் வைத்துக்கொண்டு, நடிக்க முடியாது என்று முரண்டு பிடித்தார். காரணம் ஈசாக்கு. ஈசாக்காக நடிக்க இருந்த பையனுக்குப் பொன்னுக்குவீங்கி வந்து இரண்டு கன்னமும் உப்பிவிட்டது. நாடகத்தை நடத்துகிற ஞாயிறு பள்ளி டீச்சர் சுகுணா அசரவில்லை. பண்டிகை விருந்துக்குப் பரோட்டா போட வந்திருந்த சாமுவேலைப் பிடித்து ஈசாக்கு ஆக்கிவிட்டாள். சுகுணா மாதவராஜின் மனைவி. சாமுவேல் அவர்களுடைய ஒரே மகன். அப்பனும் மகனும் முகம் பார்த்துப் பேசி இரண்டு வருஷம் ஆகிறது.

மீசை வைத்த தடியன் ஈசாக்கா என்று மாதவராஜ் கேட்டுப் பார்த்தார். விறகுக் கட்டைச் சுமந்துகொண்டு மலை ஏறினவன் கைக்குழந்தையாகவா இருந்திருப்பான், வேதத்தை ஒழுங்காக வாசியுங்கள் என்று சுகுணா வாயை அடைத்துவிட்டாள்.

இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது பகை இல்லை. அதுதான் இன்னும் கஷ்டம். சாமுவேல் பிறந்த வாரமே ஜன்னி கண்டு, டாக்டர் கையை விரித்துவிட்டார். மாதவராஜ் ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் போட்டு, பிள்ளை பிழைத்தால் உமது ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறேன் ஆண்டவரே என்று நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது. வளர்ந்து வேதாகமக் கல்லூரிக்கும் போனான். போன வேகத்தில் பெட்டியோடு திரும்பி வந்து, எனக்குப் பிரசங்கம் வரவில்லை, வராததை வந்ததுபோல நடிக்கவும் முடியவில்லை என்று சொல்லிவிட்டுத் தொப்பூரில் லாரிக்காரர்களுக்குப் பரோட்டாக் கடை போட்டான். கடை ஓஹோ என்று ஓடியது. மாதவராஜுக்கோ, கடவுளிடம் சொன்ன சொல் பொய்யாகிவிட்டதே என்று நெஞ்சு அறுத்தது. அன்றிலிருந்து கோயிலில் திருவிருந்தின் அப்பத்துக்கு அவர் கை நீட்டுவதில்லை. வத்தல்மலையில் இருக்கும் சின்னச் சபைக்கு ஆராதனை நடத்த உபதேசியார் இல்லை, யாராவது முன்வாருங்கள் என்று போதகர் ஞாயிறுதோறும் கேட்பார். அது என் மகன் நிற்க வேண்டிய இடம் என்று மாதவராஜ் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வார்.

கடைசியில் தாடியை ஒட்டிக்கொண்டார். விருந்து முடிந்த மத்தியானம், பந்தல் நிறையக் கூட்டம். கடைசியில் ஈசாக்குக்குப் பதிலாகப் பலியாகப் புதரில் சிக்கிக் கிடக்க வேண்டிய ஆட்டுக்கடா, கோயிலுக்குப் பக்கத்து வீட்டு நஞ்சம்மாளுடையது. முறுக்கிய கொம்பும் மிடுக்கான நடையுமாக நாடகத்திலேயே அழகான ஆள் அதுதான். வாலிபர் சங்கத்துப் பையன்கள் மலைக்குப் பின்னால் அகத்திக் கிளைகளைப் பச்சைப்பசேலென்று நட்டுப் புதர் செய்து, அதிலேயே கடாவைக் கட்டினார்கள். ஆட்டுத் தீனியிலேயே புதர் கட்டிய அவர்கள் அறிவை என்னவென்று சொல்வது? ஆபிரகாம் மலை ஏறத் தொடங்கியபோதே கடா புதரைத் தின்னத் தொடங்கிவிட்டது.

விறகைச் சுமந்துகொண்டு முன்னால் நடந்த சாமுவேல் பாதி மேடையில் நின்று திரும்பினான். நாடக வசனம்தான்.

"அப்பா, நெருப்பு இருக்கு, விறகு இருக்கு. பலிக்கு ஆடு எங்கேப்பா?"

அந்த வாயிலிருந்து அப்பா என்ற சொல்லைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. மாதவராஜுக்கு வசனம் மறந்துபோனது. திரைக்குப் பக்கத்தில் நின்ற சுகுணா வாயசைத்துக் காட்டிய பிறகுதான், ஆண்டவர் பார்த்துக்கொள்வார் மகனே என்று முனகினார். பஸ்ஸையே நிறுத்துகிற குரல் முன்வரிசையைத் தாண்டவில்லை.

பலிபீடத்தில் கட்டுவதற்கு மகன் தானாகவே கைகளை நீட்டினான். முழங்கைவரை தோசைக்கல் சுட்ட தழும்புகள். இவனும் உழைத்துத்தானே நாலு பேர் வயிற்றை நிரப்புகிறான் என்று மாதவராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. அவனைக் கட்டி விறகின்மேல் கிடத்தி, அட்டைக் கத்தியை ஓங்கினார். ஏணிமேல் நின்ற தேவதூதன், ஒன்பதாம் வகுப்புக் கலைமதி, மைக்கில் சொன்னாள்.

"ஆபிரகாமே, பையன் மேல கை வைக்காதே."

வருஷா வருஷம் கேட்ட வசனம். இன்று அது ஆபிரகாமைத் தாண்டி நேராக மாதவராஜிடம் வந்தது. இரண்டு வருஷமாக நான் இவன்மேல் ஓங்கிய கத்தியைக் கீழே போடவே இல்லையே என்று நினைத்தார். கத்தியைப் போட்டுவிட்டு மகனின் கைக்கட்டை அவிழ்த்து இறக்கிவிட்டார். இறக்கிவிட்டுப் புதர்ப் பக்கம் திரும்பினார்.

புதரில் ஆடு இல்லை. சொல்லப்போனால் புதரே இல்லை. மொட்டைக் குச்சிகள் நாலைந்து நின்றன. கடா வயிறு முட்டத் தின்று, கட்டியிருந்த கிளையையும் பிடுங்கி இழுத்துக்கொண்டு தன் வீட்டைப் பார்க்கப் போய்விட்டது. பந்தல் கொல்லென்று சிரித்தது. நஞ்சம்மாள்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

"ஆடு போயிருச்சுங்கப்பா," என்றான் சாமுவேல், மெதுவாக. இது வசனம் இல்லை.

மாதவராஜ் மகனைப் பார்த்தார், காலியாகக் கிடந்த பலிபீடத்தைப் பார்த்தார். பிறகு அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூட்டு வலியோடு பெஞ்சின்மேல் ஏறி விறகுக்கு நடுவில் உட்கார்ந்தார். தாடி ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். இந்த முறை கடைசி வரிசைக்குக் கேட்டது.

"ஆண்டவரே, அன்னிக்கு நேர்ந்துக்கிட்டது நான். வாயில்லாப் பச்சைப் பிள்ளையை எதுக்கு இழுத்தேன்? ஆடு நான்தான். வத்தல்மலைக்கு நான் போறேன்."

போதகர் எழுந்து நின்றார்; நின்றவர் கைதட்டத் தொடங்கினார். பந்தலே எழுந்து நின்றது. சுகுணா அழுதுகொண்டே தாடியைச் சரிசெய்யப் போய், மிச்சத்தையும் பிய்த்துவிட்டாள். சாமுவேல் விறகைத் தள்ளிவிட்டு அப்பனைக் கட்டிக்கொண்டான்.

"மலையில நேரத்துக்குச் சோறு கிடைக்காதுங்கப்பா. நீங்க பசி தாங்க மாட்டீங்க," என்றான்.

"பரோட்டாக்காரனைப் பெத்து வச்சிருக்கேன், எனக்கு என்னடா பசி?" என்றார் மாதவராஜ்.

அடுத்த ஞாயிறு விடிகாலை ஆராதனையில் திருவிருந்துக்கு முதல் ஆளாகக் கை நீட்டினார். வெளியே சாமுவேல் பைக்கோடு காத்திருந்தான். முன்னால் பரோட்டா மூட்டை, பின்னால் அப்பா. கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொரு திருப்பத்திலும் மாதவராஜ் பழக்கதோஷத்தில் விசில் அடித்தார். மேலே காற்று குளிர்ந்தது. சின்னக் கோயிலின் சிலுவை தெரிந்ததும் சாமுவேல் வேகத்தைக் குறைத்து, திரும்பாமலே கேட்டான்.

"அப்பா, மலை வந்தாச்சு, மூட்டை இருக்கு. ஆடு எங்கேப்பா?"

"வண்டிக்குப் பின்னாலதான்டா உக்காந்திருக்கு. பாத்துப் போ, குதிச்சு ஓடிறப் போவுது," என்றார். சிரித்த சிரிப்பில் அவர் மகனின் தோளை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.