ஆறு மணிக்குள் ஒரு பெயர்

ஆஸ்பத்திரிக் கொள்முதல் பிரிவில் இருபத்தாறு வருடம் நாற்காலியைத் தேய்த்தவருக்குச் சொந்தபந்தம் வைத்த பெயர் 'கொட்டேஷன்'. மூன்று கடையில் விலை கேட்டு, ஒப்பீட்டு அட்டவணை போட்டு, அடியில் கையெழுத்தும் போடாமல் அவர் வீட்டுக்குள் துடைப்பம்கூட நுழைந்ததில்லை. அப்பேர்ப்பட்டவர் இரண்டு வாரமாகச் சோறு இறங்காமல் ஒரு மலிவு புளூ-ரே பிளேயரைத் தேடிக்கொண்டிருந்தார்.

காரணம் மகள். சினிமாவில் நடிகர்கள் நடக்கும் காட்சிக்குச் செருப்பைத் தரையில் தேய்த்துக் காலடிச் சத்தம் சேர்க்கும் வேலைக்கு அவள் வெளிநாடு கிளம்பியபோது, "செருப்பத் தேய்க்கிறதுக்கா உன்னப் படிக்க வெச்சேன்? எம்பேரே கெட்டுப்போகும்" என்று சொல்லித் தொலைத்தார். ஒரு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது ஒரு டிஸ்க் வந்திருந்தது, ஒரு துண்டுச் சீட்டோடு: 'அப்பா, கடைசி வரைக்கும் பாருங்க. என் பேர் வரும். ஞாயிறு ஆறு மணிக்கு ஃபோன் பண்றேன்.'

பார்க்கவில்லை என்று சொன்னால் அடுத்த ஃபோன் வராது. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

பதினான்கு பிளேயர்கள், பதினோரு கட்டங்கள். மகள் இருக்கும் நாட்டு டிஸ்க்கை எது ஏற்கும், எது திருப்பித் துப்பும் என்பதற்குத் தனிக் கட்டம். தேறியது ஒன்றே ஒன்று, செருப்புப் பெட்டி அளவில்.

"சாதாரணப் படத்தையே பளிச்சுனு காட்டும் சார். உங்க ஹாலே தியேட்டர் ஆயிடும்" என்றான் விற்பனையாளன்.

"தியேட்டர் வேணாம்ப்பா. பேரு தெரியுமா?"

"யார் பேரு சார்?"

"படம் முடிஞ்சப்புறம் வர்ற பேரு."

அதைப் பற்றி எந்தக் கம்பெனியும் அவனுக்குப் பயிற்சி கொடுத்திருக்கவில்லை.

ஞாயிறு இரண்டரை மணிக்குப் பெட்டியைப் பிரித்தார். பிளேயரின் முதுகில் தட்டையாக ஒரே ஒரு துளை. சுவரை ஒட்டி நின்ற பழைய டிவியைத் திருப்பினால், அங்கே சிவப்பு, வெள்ளை, மஞ்சளில் மூன்று வட்டத் துளைகள். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கொட்டேஷனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"பதினோரு கட்டம் போட்டீங்களே, டிவிக்குப் பின்னாடி எட்டிப் பாக்கலியா?" என்றாள் மனைவி.

"அது பராமரிப்புப் பிரிவு வேலை." இருபத்தாறு வருடப் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"இந்த வீட்ல பராமரிப்புப் பிரிவு நான்தான். எங்கிட்ட யாரு கேட்டா?"

மச்சான் வீட்டில் பெரிய டிவி உண்டு. அங்கே போவதற்குப் பதில் பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாம். ஆனால் படம் இரண்டரை மணி நேரம், மணியோ மூன்றாகப்போகிறது. பிளேயரையும் டிஸ்க்கையும் துண்டில் சுற்றிக்கொண்டு மனைவியோடு நடந்தார்.

"வாங்க மாப்ள! நம்ம தியேட்டர்ல ஆறு ஸ்பீக்கர். காது கிழிஞ்சா நான் பொறுப்பில்ல" என்றார் மச்சான்.

"நாலுக்கு வயரே கெடையாது. பூந்தொட்டி வெக்க நல்லா இருக்கு" என்றாள் அவர் பெண்டாட்டி.

படத்தின் கதை கொட்டேஷனின் மண்டையில் ஏறவில்லை. திரையில் யாராவது படியேறினால் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது அவ போட்ட சத்தமா இருக்குமோ?"

"பேசாம பாருங்க" என்றாள் மனைவி. அவளும் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தே முக்காலுக்குப் பெயர்கள் ஏறத் தொடங்கின, எறும்புச் சாரையாக. மகள் பெயர் மாதிரி ஒன்று தெரிந்ததும் கொட்டேஷன் ரிமோட்டை அமுக்கினார். மெஷின் நிதானமாக யோசித்து, மூன்று பெயர் தாண்டி நின்றது. பின்னுக்குத் தள்ளினால் கல்யாணக் காட்சிக்கே போய்விட்டது.

"மலிவா வாங்கினா இப்படித்தான் மாப்ள."

மணி ஐந்து ஐம்பத்தெட்டு. இந்த முறை முன்கூட்டியே அமுக்கினார். நின்றது. காலடி ஒலி உதவி என்ற வரியில், மகளின் பெயர். அதற்கு முன்னால் அவருடைய இனிஷியல்.

சட்டைப் பையில் ஃபோன் அடித்தது.

"பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன்மா." எழுந்து போய் அந்த இனிஷியல்மேல் விரல் வைத்தார். "எம்பேரையும் போட்டிருக்காங்களே."

"நான்தான் போடச் சொன்னேன்."

அதற்குள் பிளேயருக்குப் பொறுமை போயிற்று. திரை கறுத்து, கம்பெனியின் முத்திரை மூலைக்கு மூலை மிதக்கத் தொடங்கியது. மச்சான் ரிமோட்டை நோக்கிக் கை நீட்டினார்.

"மச்சான், தொடாதீங்க! மறுபடி கல்யாணத்துக்குப் போயிடும்!" என்று அலறினார் கொட்டேஷன்.

மறுமுனையில், ஒரு வருடம் கழித்து, மகள் சிரித்தாள்.