யாருடைய ஆள்

மலர்வளையத்துக்கு ஆர்டர் சொல்ல அமைச்சகத்திலிருந்து ஆள் வந்தபோது நான் ரோஜாக்காம்பு நறுக்கிக்கொண்டிருந்தேன். கொடி போர்த்திய சவப்பெட்டி எது போனாலும் எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். ரிப்பன் வாசகமும் எப்போதும் ஒன்றுதான்: 'எமது வீரனுக்கு, நன்றியுடன் அரசு.' வந்தவன் செத்தவனின் பேரைச் சொன்னான். கத்தி விரலில் இறங்கியதுகூட எனக்குத் தெரியவில்லை.

அவனேதான். சோதனைச் சாவடியில் என் வீட்டுக்காரரைச் சுட்டவன். வண்டியில் பூ ஏற்றிப் போன மனுஷர், லைசென்ஸை எடுக்கச் சட்டைப்பைக்குள் கை விட்டார். ஒரு வார்த்தை கேட்காமல் சுட்டான், பாவி. வழக்குப் போட்டோம். அமைச்சகச் செயலாளர் சாட்சிக் கூண்டில் ஏறிக் கூசாமல் சொன்னார்: "அவரு தனியார் கம்பெனி ஆளு. காவலுக்கு எடுத்தோம், அவ்வளவுதான். அவரு செஞ்சதுக்கு அரசாங்கம் பொறுப்பில்ல." கம்பெனியோ வேறு நாட்டில் பதிவானதாம். வழக்கு தள்ளுபடி. மேல்முறையீட்டுக்கு, "அவன் அவங்க ஆளுதான்னு காட்ட ஏதாவது வேணும்மா" என்று வக்கீல் நச்சரித்துக்கொண்டிருந்தார்.

இப்போது எங்கோ குண்டு வெடித்துச் செத்ததும் அவன் வீரனாகிவிட்டான். அரசாங்கத்தின் ஆளாகவும் ஆகிவிட்டான்.

"இந்த எழவெடுத்தவனுக்கா பூ கட்டப்போறீங்க? முடியாதுன்னு சொல்லுங்க அண்ணி," என்றான் கொழுந்தன்.

"போடா கூறுகெட்டவனே. இதுவரைக்கும் கட்டாத மாதிரி கட்டப்போறேன். நீ போனுக்கு சார்ஜ் போடு."

வாடின இதழ் ஒன்றைக்கூட விடவில்லை. வழக்கமான ரிப்பனை ஒதுக்கிவிட்டு, அகலமானதாக எடுத்துக் அதே வாசகத்தைக் கொட்டை கொட்டையாகப் பொன்னிறத்தில் எழுதினேன். 'எமது' மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே பெரிசு. என் வீட்டுக்காரருக்குக் கட்டிய வளையம் இத்தனை அழகில்லை.

கல்லறைத் தோட்டத்துக்கு வளையத்தை நானே தூக்கிப்போனேன். வாங்கிக்கொள்ள வந்தவர் அதே செயலாளர். பூக்காரி முகத்தை யார் பார்க்கிறார்கள்? துப்பாக்கிகள் முழங்கின. அதிகாரிகள் வரிசையாகச் சல்யூட் அடித்தார்கள். பத்திரிகைக்காரர்களுக்கு நடுவே கொழுந்தன் போனை உயர்த்திப் பிடித்திருந்தான். பக்கத்தில் எங்கள் வக்கீல்.

செயலாளர் பெட்டியின் முன்னால் குனியப் போனார். ரிப்பன் காற்றில் மடங்கிக் கிடந்தது.

"சார், கொஞ்சம் தூக்கிப் புடிங்க," என்றேன். "எழுத்து தெரியல."

அவர் தலையை ஆட்டிவிட்டு வளையத்தை மார்பளவுக்கு உயர்த்தினார். மடங்கியிருந்த ரிப்பனைத் தன் கையாலேயே நீவி, கேமராக்களைப் பார்த்து விரித்துப் பிடித்தார். அதற்குப் பிறகுதான் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.