உச்சாணி சொன்ன சைகை

கட்டட வேலையில் வாய்க்கு மதிப்பில்லை, கைக்குத்தான் மதிப்பு. தரையில் நின்று கையை ஆட்டியே வானத்திலிருக்கும் கிரேனை ஆட்டிவைப்பவர் சைகைக்காரர். லேசில் யாரையும் மெச்சுகிற ஆள் இல்லை. அவரே புதிதாக வந்த கிரேன் ஓட்டுநரைப் பார்த்து அசந்துபோனார். போர் நடந்த வேறொரு நாட்டிலிருந்து வந்த பெண். டன் கணக்கான கம்பிக் கட்டைப் பூப்போல இறக்கிவைப்பாள். அவளுக்கு 'உச்சாணி' என்று பேர் வைத்ததும் அவர்தான்.

அதுவரை அவளிடம் வாக்கிடாக்கியில்தான் பேசிவந்தார். அன்று மாலை அது மக்கர் பண்ணியது. வேலை முடிந்ததும், பழைய ஓட்டுநர்களுக்குக் காட்டுவதுபோலக் கையைக் கழுத்துக்குக் குறுக்கே கத்தியாக இழுத்துக் காட்டினார். மெஷினை அணை என்று அர்த்தம். இந்தத் தொழிலில் இது எல்லாருக்கும் அத்துப்படி.

மெஷின் அணைந்தது. உச்சாணி இறங்கவில்லை. இருட்டத் தொடங்கியும் இறங்கவில்லை.

"என்ன வீம்பு இது? இப்ப இறங்கலேன்னா நாளையிலேருந்து வர வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றார் இன்ஜினியர்.

சைகைக்காரருக்கு ஏணி என்றாலே தொடை நடுங்கும். ஆயுசு முழுக்கத் தரையில் நின்றே பிழைத்த மனுஷன். ஆனாலும் இப்படி ஒரு கெட்டிக்காரியை இழக்க மனசு வரவில்லை. கீழே பார்க்காமல், தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே ஏறினார்.

அவள் கேபின் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உடம்புக்கு முடியலையாம்மா?"

அவள் அவர் கையையே பார்த்தாள். "எங்க ஊர்ல பட்டாளத்துக்காரன் ஒருத்தன் இதே மாதிரிதான் கழுத்துல கோடு போட்டுக் காட்டினாண்ணே. என் தம்பியப் பாத்து. விடியறதுக்குள்ள தம்பி இல்ல. நீங்க மெஷினத்தான் சொன்னீங்க. புத்திக்குத் தெரியுது, காலுக்குத் தெரியல."

சைகைக்காரருக்குத் தன் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். இத்தனையையும் மனசில் வைத்துக்கொண்டா இவள் தினமும் இவ்வளவு உயரம் ஏறினாள்?

"மெஷின நிறுத்த நீயே ஒரு சைகை சொல்லும்மா. எல்லாருக்கும் நான் பழக்கிடறேன்."

அவள் யோசித்தாள். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்தாள்.

"தூங்குன்னா?"

"ஆமாண்ணே."

இறங்கும்போது அவள்தான் முன்னால் இறங்கி, அவர் காலை ஒவ்வொரு படியாகப் பிடித்து வைத்தாள்.

மறுநாள் காலையில் ஆட்களை நிற்கவைத்துச் சைகையைப் பழக்கினார். விதிப் புத்தகத்தில் இல்லையே என்று இன்ஜினியர் இழுத்தார். காரணத்தைக் கேட்டதும், தானே முதல் ஆளாகக் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

மாலையில் பழக்கதோஷம், சைகைக்காரரின் கை கழுத்துவரை போய்விட்டது. பதறிப்போய்க் கன்னத்துக்கு ஏற்றினார். மெஷின் அணைந்தது. சற்றுநேரத்தில் உச்சாணி இறங்கி வந்தாள்.

"சரியாக் காட்டினேனாம்மா?"

"தலைய இன்னும் கொஞ்சம் சாய்க்கணும்ணே" என்றாள். "தம்பி அப்படித்தான் தூங்குவான்."