ஒரு தோணி, ரெண்டு வேதம்

சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனக்காரன் கொடுத்தது ரெண்டு குடும்பத்துக்கு ஒரு தோணி. சூசைதாசனையும் அவர் மனுசி புஸ்பத்தின் தம்பி ஏனோக்கையும் ஒரே தோணியில் ஏற்றிவிட்ட புண்ணியவான், ரெண்டு கடுவன் பூனையை ஒரு சாக்கில் கட்டினால் என்ன நடக்கும் என்று யோசிக்கவில்லை. மட்டக்களப்பு வாவி அப்படியொரு அடிபாட்டை முன்பின் கண்டதில்லை. ஒருமுறை அந்தச் சத்தத்தில், பாலத்துக் காவலரணில் நின்ற ஆமிக்காரன் ஷெல் விழுகுதென்று குப்புறப் படுத்துவிட்டான்.

சூசைதாசன் ஆர்.சி. ஏனோக்கு மெதடிஸ். புஸ்பம் கல்யாணத்தோடு ஆர்.சி.யானவள். சுனாமி வந்த ஞாயிறு பூசைக்கு வெளிக்கிட்டவளை, "இண்டைக்குப் பூசை வேணாம் புள்ள, கருவாட்டைக் காயப்போடு" என்று கடற்கரைக்கு அனுப்பியது சூசைதாசன்தான். கடல் கருவாட்டையும் எடுத்தது, அவளையும் எடுத்தது. பூசை தவறிய பாவத்தை அவள் தலையில் தானே ஏற்றிவைத்ததாக மனுசனுக்கு நெஞ்சு எரிந்தது. அவள் ஆத்துமத்துக்கு வருசா வருசம் ஒரு பூசை, அதைக் கடைசிவரை முழங்காலில் இருந்து காணவேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

ஏனோக்கு விட்டால்தானே. சரியாக அந்த நேரம் பார்த்துக் கோயில் படலையைப் பிடித்துக்கொண்டு கத்துவான்: "என்ட அக்கா நேரே பரலோகம் போயிட்டா. அவவ உத்தரிக்கிற ஸ்தலம் எண்டு நடுவழியில மறிச்சு வச்சு என்னத்துக்கு மன்றாடுறீங்க?"

சூசைதாசன் எழும்பிப் பாய்வார். படலை கழலும், பல் கழலும். பாதர் உள்ளே தன்பாட்டில் பூசையை முடித்துவிடுவார். ஒரு வருசமாவது சூசைதாசன் முடிவைக் கண்டாரா? இல்லை.

மிச்சம் தோணியில் நடக்கும். ரெண்டு பேருடைய வேதப்புத்தகமும் பொலித்தீன் பையில் சுற்றிக் கூடவே வரும்.

"செத்தவங்களுக்கு மன்றாடச் சொல்லி வேதத்தில எங்க கிடக்கு மச்சான்?"

"மக்கபேயர் ரெண்டாம் ஆகமம். கண்ணத் துறந்து பார்."

"அந்த ஆகமம் எங்கட வேதத்தில இல்ல."

"எந்தெந்த ஆகமம் வேதம் எண்டு உன்ட வேதத்தில எங்க எழுதிக் கிடக்கு? திருச்சபை சொல்லித்தானே தெரியும்?"

ஏனோக்கு தோணி வலிக்கிற சவளால் அவர் முதுகைப் பிளந்தான். பிளந்துவிட்டுக் கேட்டான்: "திருச்சபை சொன்னாப் போதும் எண்டா மறுகா எதுக்கு மச்சான் புத்தகத்தத் தூக்கிக்கிட்டு வாறீங்க?"

சூசைதாசன் அவன் காதைக் கடித்தார். தடித்த ஆர்.சி. வேதத்தால் மண்டையில் போட்டதில் புத்தகம் கிழிந்து தாள் பறந்தது. தோணி கவிழ்ந்தது. காத்தான்குடி மீன் யாவாரி ஆதம்பாவா இப்போதெல்லாம் மீனைப் பார்ப்பதில்லை, ரெண்டு பேருடைய மூஞ்சியையும் பார்த்தே விலை சொல்வார். "இண்டைக்கு வீக்கம் கூட, மீன் குறையத்தான் இரிக்கும்."

யுத்தம் ஓய்ந்து நாடே வெடி கொளுத்திய வருசத்து மார்கழி. பூசைக்கு முதல்நாள் காலை வாவி நடுவில் சூசைதாசன் சொன்னார்: "நாளைக்குப் படலைப் பக்கம் வந்தா உன்னக் கொன்றுபோட்டுத்தான் பூசைக்கு இருப்பன்."

"வருவன்."

சூசைதாசன் அவன் தொண்டையை நெரித்து, கண் பிதுங்கும் வரை தண்ணீரில் அமத்தினார். அவன் அவர் விரலை மடக்கி முறித்தான். முறிந்த விரலோடு அவனுடைய வேதத்தைப் பறித்து வாவியில் எறிய ஓங்கினார். பொலித்தீன் அவிழ்ந்து அதிலிருந்து ஒரு தாள் விழுந்தது.

சூசைதாசனின் வேதத்துத் தாள். மக்கபேயர், செத்தவர்களுக்குப் பலி கொடுத்த இடம். வாவி கொண்டுபோனது என்று அவர் இத்தனை வருசமாக நம்பியிருந்த தாள். விரல் பட்டுப் பட்டு எண்ணெய்த் தாள் மாதிரி மறுபக்கம் தெரிந்தது.

ஏனோக்கு இரத்தத்தைத் துப்பினான். "வாவியில மிதந்திச்சு. எடுத்து வச்சன்."

"வாசிச்சியா?"

"இல்ல."

சூசைதாசன் தாளை நாலாக மடித்தார். பழைய ஏற்பாடு முடிந்து புதிய ஏற்பாடு தொடங்கும் இடத்தில், அவன் புத்தகத்துக்குள்ளேயே செருகிப் பொலித்தீனால் சுற்றிக் கொடுத்தார். சவளைப் பிடிக்க அவருக்கு விரல் இல்லை, கரை வரைக்கும் ஏனோக்குத்தான் வலித்தான்.

மறுநாள் படலையில் சத்தம் இல்லை. சூசைதாசன் முழங்காலிலேயே இருந்தார். பாதர் புஸ்பத்தின் பேரை வாசித்தார். கோயில் முழுக்கச் சொன்ன ஆமெனுக்கு மேலால், வெளியில் மதிலோரம் இருந்து ஒரு ஆமென் வந்தது. வாவிக்கு அந்தக் கரைக்கும் கேட்டிருக்கும்.

பூசை முடியும்வரை அவர் அசையவில்லை. முடிந்ததும் கட்டுப்போட்ட கையோடு வெளியே போனார்.

"வெளியில நிண்டு ஆமென் சொல்ல உனக்கு ஆர் சொன்னது?"

"சொல்லக்கூடாது எண்டு எங்க எழுதியிருக்கு மச்சான்?"

இடது கையால் ஒன்று போட்டார்.