ஊதாக் கோளில் கவ்வாத்துக் கத்தி

கோள் வெடிக்கச் சில நிமிடங்களே இருந்தன. விண்கலத்திலிருந்து நாயகன் இறங்கினான். ஊதா மண். இரண்டு சூரியன்கள். சரிந்து கிடந்த ஒரு மலை.

"அம்மா, இந்த மலைதான் நான் செஞ்சது," என்றாள் சிஞ்சு, காதோரம்.

அடிமாலி தியேட்டரில் ஒரு வரிசை முழுக்க சின்னக்கானல் தேயிலை எஸ்டேட் ஆட்கள். சிஞ்சுவுக்குக் கொச்சியில் ஒரு கிராபிக்ஸ் கம்பெனியில் வேலை. சூப்பர் ஹீரோக்கள் பூமியை விட்டுப் போய் இறங்கும் இடங்களை அவள் பிரிவுதான் உருவாக்குகிறது. அதைப் பார்க்க எல்லாரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார் பக்கத்து வீட்டு பவுல்ராஜ்.

"ஏட்டி, அங்க கொழுந்து கிள்ள ஆள் வேணுமான்னு கேளு," என்றார் அவர். "வேணாம் வேணாம். ரெண்டு சூரியன்னா நம்மள ரெண்டு மடங்கு வேலை வாங்கிருவான்."

வரிசை சிரித்தது. சிஞ்சுவின் அம்மா அன்னாள் சிரிக்கவில்லை.

திரையில் நாயகனின் காலருகே ஒரு பட்டுப்போன தேயிலைக் கட்டை. அதில், தேயிலைச் செடியைக் கழித்து வெட்டும் கவ்வாத்துக் கத்தி ஒன்று கொத்தி நின்றது. பிடியில் செருப்பு வாரைச் சுற்றி ஆணியடித்திருந்தது. பெருவிரல் போன தன் கையில் வழுக்காமலிருக்க அவள் புருஷன் சூசையப்பன்தான் அப்படி அடித்து வைத்திருந்தார். எஸ்டேட்டில் வேறு எவனிடமும் அந்தப் பிடி கிடையாது.

நாயகன் அதைத் தாண்டிப் போய்விட்டான்.

"சிஞ்சு, இது எந்த எடம்?"

"பேசாமப் பாரும்மா."

"எந்த எடம்னு கேக்கேன்ல."

சிஞ்சு குரலைத் தாழ்த்தினாள். "ஏழாம் நம்பர் காடு. ஜனவரியில வேலிக்குள்ள போயி ஆயிரம் போட்டோ எடுத்தேன். அதை வச்சுத்தான் கம்ப்யூட்டர்ல மலையைக் கட்டினோம். சொன்னா நீ விடமாட்டேன்னுதான்…"

மூன்று வருடங்களுக்கு முன் பெய்த மழையில் ஏழாம் நம்பர் காடு என்ற அந்தத் தேயிலை மலை சரிந்து, கீழே இருந்த தொழிலாளர் லயத்தின் வீடுகளை மூடியது. பதினொரு பேரின் உடல்களை எடுத்தார்கள். சூசையப்பன் கிடைக்கவில்லை. மழையென்று மத்தியானமே வீட்டுக்கு வந்திருப்பார் என்று தேட வந்தவர்களிடம் சொன்னது அன்னாள்தான். லயத்தைப் பதினாறு நாள் தோண்டினார்கள். மேலே, அவர் வேலை செய்த காட்டில் யாரும் தோண்டவில்லை.

கவ்வாத்து வெட்டுகிறவன் வீட்டுக்கு வரும்போது கத்தியோடுதான் வருவான். மழைக்கு ஒதுங்கினாலோ பீடி பற்றவைத்தாலோதான் கட்டையில் கொத்தி வைப்பான். கத்தி நின்றால் நாலு எட்டுக்குள் ஆள் இருப்பான்.

"அந்தக் கட்டையில இருந்தது என்னன்னு பாத்தியா?"

"ஏதோ துருப்பிடிச்ச இரும்பு. அழிச்சிரலாம்னு பாத்தேன். வேத்துக் கிரகத்துக்கு நல்லாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன்."

"உங்கப்பா கத்தி."

சிஞ்சு திரையைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள்.

"அந்தக் கட்டைமேல கால் வச்சு நின்னுதாம்மா படம் எடுத்தேன்."

"அந்தக் கட்டை எங்கன்னு காட்ட முடியுமா ஒன்னால?"

"முடியும். அடி அடியா அளந்து வச்சிருக்கேன்."

கோள் வெடித்தது. தியேட்டர் முழுக்கக் கைதட்டல். பவுல்ராஜ் எழுந்து நின்று விசிலடித்தார்.

"மகளே! ஒரு மலையையே தூள் பண்ணிட்டியேட்டி!"

அன்னாள் அவர் கையைப் பிடித்து வாயிலிருந்து இறக்கினாள்.

"அண்ணே, ஜீப்பை எடுங்க. போற வழியில மம்பட்டி வாங்கணும்."